அம்மாவின் பழைய சைக்கிள் படம்: 92-இல் புதுக்கோட்டையில் என்னதான் நடந்தது?

பொட்டல்வெளி கேட்டது:

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே அம்மாவின் படம். இருபது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் தரையில். பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள். பின்பக்கம் பேனாவில் "8.3.92, புதுக்கோட்டை" என்று எழுதியிருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். "அறிவொளியில எடுத்தது. அப்ப எல்லாருந்தான் ஓட்டுனோம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இணையத்தில் தேடினால், அறிவொளி என்பது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த இயக்கம், அதில் சைக்கிள் கற்ற லட்சம் பெண்கள், புரட்சி என்றெல்லாம் வருகிறது. எனக்குத் தெரிந்த அம்மா சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஷேர் ஆட்டோதான்.

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை. நான் ஏழு வயதில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டினேன், யாரும் கைதட்டவில்லை. இதில் என்ன பெரிய விஷயம்? தொண்ணூறுகள் என்றால் கேபிள் டிவி, எஸ்.டி.டி. பூத், சுடிதார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

---

அன்னவாசல் அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா சொன்னது சரிதான். எல்லாரும் ஓட்டினோம். அதற்கு முந்தின வருடம் ஒருத்தியும் ஓட்டவில்லை, அதைத்தான் சொல்லாமல் போய்விட்டார்.

1991-இல் எனக்குப் பத்தொன்பது. பத்தாவது தேறிவிட்டு மூன்று வருடமாக வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மாரியம்மன் கோவில் திடலில் ஒருநாள் ராத்திரி கலைக்குழு வந்து நாடகம் போட்டார்கள். மறுநாள் காலையில் வீடு வீடாக வந்து, அறிவொளித் தொண்டராகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பத்தாவது படித்த பெண் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஊரில் நானும் இன்னொருத்தியும்தான். சம்பளம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி. சம்பளம் இல்லையென்றால் வேலைக்கு அனுப்பியதாக ஆகாதே!

சமையல் முடிந்து ஏழரைக்கு அதே கோவில் திடலில் வகுப்பு. அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, பதினைந்து பெண்கள், மடியில் தூங்கும் பிள்ளைகள். பாடப் புத்தகம் அ, ஆ என்று தொடங்காது. முதல் பாடத்துச் சொற்களே பட்டா, படி. அந்த 'பட்டா'வில் ஒரு வாரம் ஓடிவிட்டது. எழுத்து வராததால் இல்லை. நாள் பூராவும் வயலில் குனிந்து நிற்கிறவள் யார், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒரு பெரியம்மா கேட்டுவிட்டார். அப்புறம் எங்கே பாடம் நடத்துவது? எனக்கே பதில் தெரியாது.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். அது பெண் விடுதலைக்காக யாரோ உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்ததாக இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் அது பஸ் பிரச்சினையில்தான் ஆரம்பித்தது. தொண்டர்களுக்கு ஒன்றிய அலுவலகத்தில் பயிற்சி, கூட்டம் என்று அடிக்கடி இருக்கும். எங்கள் ஊருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கூட்டம் இழுத்துவிட்டால் நடைதான். பக்கத்து ஊர் வகுப்பைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்ப வேண்டும். பெண் தொண்டர்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்றவர் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர்தான் ஏற்பாடு செய்தார். தொண்டர் ஓட்டுவதைப் பார்த்துப் படிக்க வந்தவர்கள் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து, வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் கேட்டார்கள்.

நான் கற்றுக்கொண்டது தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், நிலா வெளிச்சத்தில். கேரியரைப் பிடித்துக்கொள்ளத் தம்பி வருவான், அவனுக்குப் பதினொரு வயது. ஒரு சுற்றுக்கு ஒரு கடலை மிட்டாய் கூலி. மூன்றாம் நாள் பிடியை விட்டுவிட்டு, பிடித்திருப்பதாகவே பின்னால் இருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தான். திரும்பிப் பார்த்தேன், நேராகக் கருவேல முள்ளில் போய் விழுந்தேன். பாவாடையைச் செயின் கடித்து, கிழித்துத்தான் வெளியே எடுத்தோம். பாவாடை கிழிந்ததற்குத்தான் அம்மாவிடம் அடி. சைக்கிள் ஓட்டியதற்கு இல்லை. அம்மாவின் பயம் மானம் மரியாதை பற்றியதே அல்ல. "விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா எவன் கட்டுவான்?" அவ்வளவுதான்.

டீக்கடையில் விசில் அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். ஒரு மாதம் இருக்கும். அந்தக் கடைக்காரரின் மருமகளே ஓட்ட ஆரம்பித்ததும் சத்தம் அடங்கியது.

உங்கள் அம்மா ஆண்கள் சைக்கிளில் இருப்பதற்கும் காரணம் உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் பார் வைத்ததை வாங்கினோம். அப்புறம் பார்த்தால் பிள்ளைக்காரிகளுக்கு அதுதான் வசதி. முன்னால் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் இன்னொன்று அல்லது குடம். குடத்தைப் பழைய டியூபை வைத்து இறுக்கிக் கட்டினால் அசையாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்டீர்கள். அதற்கு முன் நான் எங்கே போவதாக இருந்தாலும் வீட்டில் முதல் கேள்வி, "யாரு கூட்டிட்டுப் போவா?" ஆஸ்பத்திரி, சந்தை, தோழி கல்யாணம், எதுவானாலும். போகலாமா கூடாதா என்பது அதற்குப் பிறகுதான். தம்பிக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு வயல், பஸ்ஸும் போய்விட்டது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. யாரும் தடுக்கவே இல்லை, ஆனாலும் போக முடியாது. சைக்கிள் வந்த பிறகு அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை. எப்போது நின்றது என்றுகூட எனக்கு நினைவில்லை.

என் சித்தி கத்தரிக்காய் விற்பவர். பஸ் வரும் நேரத்துக்குத்தான் அவருக்குச் சந்தை. மூட்டையோடு காத்துக் கிடந்து, விற்றுவிட்டு வீடு திரும்ப மதியம் மூன்று மணி ஆகும். சைக்கிள் வந்ததும் விடிய நாலு ஊர் சுற்றி விற்றுவிட்டுப் பத்து மணிக்கு வீட்டில் இருப்பார். விலை படியவில்லையென்றால் அடுத்த ஊர். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எவனுக்கும் கொறைச்சுக் குடுக்க வேணாம்டி" என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் முகத்தைத் தூக்கிவைத்திருந்த அப்பா மூன்றே மாதத்தில், "அப்படியே மில்லுல மாவு அரைச்சுட்டு வந்துரு" என்றார். ரேஷன், மண்ணெண்ணெய், உரக்கடை என்று அதுவரை ஆண்கள் பார்த்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாக என் கேரியரில் ஏறின. அவர்கள் டீக்கடையில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். நான் அப்போது சண்டை போடவில்லை. வெளியே போகக் கிடைத்ததே போதும் என்றிருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

8.3.92 உலக மகளிர் தினம். அன்று புதுக்கோட்டையில் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் வரை ஊர்வலம் போனோம், எல்லார் சைக்கிளிலும் கொடி. உங்கள் படம் அன்றைக்கு எடுத்ததுதான். எனக்கு மணியோசைதான் ஞாபகம். சும்மா சும்மா எல்லாரும் அடித்துக்கொண்டே போனோம்.

---

கீரனூர் பஞ்சர் எழுதியது:

அக்கா சொன்னதற்கு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம். என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எட்டு வண்டி, மணிக்கு ஒரு ரூபாய். அதுவரை வந்ததெல்லாம் பையன்களும் ஆட்களும்தான். 91 கடைசியில் பொழுது சாய்ந்ததும் சின்னப் பையன்கள் வந்து எடுத்துப் போவார்கள், ஆனால் வண்டி திரும்பி வரும்போது சீட்டு கீழே இறங்கியிருக்கும். பத்து நாள் கழித்துத்தான் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது.

அப்புறம் அவர்களே நேரில் வந்தார்கள். கடை நோட்டில் அப்பா பெண்கள் பெயரை எழுத மாட்டார். "மேலத்தெரு கருப்பையா வீடு" என்றுதான் இருக்கும். ஒரு அம்மா, நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அறிவொளியில் படிப்பவர். எழுதி முடிக்க அவ்வளவு நேரம் ஆனதில் அப்பா, "தாயி, வாடகை ஓடிக்கிட்டிருக்கு" என்றாராம். அந்த அம்மா நிமிரவே இல்லையாம்.

சேலை சிக்காமல் இருக்கச் செயின் கவர், பின் சக்கரத்துக்கு வலை, பாரில் பிள்ளை உட்காரச் சின்ன சீட்டு. இவற்றையெல்லாம் நாங்கள் திருச்சியிலிருந்து வரவழைத்து விற்றது அந்த இரண்டு மூன்று வருடங்களில்தான். பிறகு ஆளாளுக்குச் சொந்த வண்டி வாங்கியதில் வாடகைத் தொழில் படுத்துவிட்டது. 2001-க்குப் பிறகு மேல்நிலை படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. எங்களுக்கு மிஞ்சியது பஞ்சர் மட்டும்தான். குறையாகச் சொல்லவில்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

புரட்சி என்ற சொல்லை எடுத்துவிட்டால் நான் எல்லாவற்றுக்கும் உடன்படுவேன். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம், 2001-இல் 64. இதில் பள்ளிக்கூடத்துக்கும் சத்துணவுக்கும்தான் பெரிய பங்கு இருக்கும். அறிவொளியில் கையெழுத்துக் கற்றவர்களில் எத்தனையோ பேர் படிக்க ஒன்றும் இல்லாமல் மறந்துவிட்டார்கள். என் பாட்டியும் அதில் ஒருவர். 93 சித்திரையில் சன் டிவி வந்தது, அப்புறம் ஊர் ஊராகக் கேபிள். ஏழரை மணிக்கு விளக்கைச் சுற்றி உட்கார யார் வருவார்கள்? ஆனால் சைக்கிளை யாரும் மறக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கை மறந்தாலும் கால் மறக்காது போல.

---

கல்குவாரி எழுதியது:

நன்றாகத்தான் இருக்கிறது கதை. ஆனால் யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. நான் காலனிப் பையன். எங்கள் ஊரில் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். செருப்பு ஹேண்டில்பாரில் தொங்கும். பெண் ஓட்டலாமா என்பது உங்கள் வீட்டுக் கேள்வி. எங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது.

அம்மாவும் அறிவொளியில்தான் ஓட்டக் கற்றார். பத்துப் பேராகச் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போனால் ஊர்த்தெருவிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கொடி கட்டிய வண்டி, கலெக்டர் ஆள் என்ற பயம். தனியாகப் போகும் நாளில் இறங்கித் தள்ளினார். ஊர்வலப் படங்களில் இது தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அதுவரை என் அத்தை காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்கிவிட்டுக் கடனுக்குக் கல் உடைத்தவர். குழு வந்ததும் லோடு கணக்கை அவரே எழுதினார், சைக்கிளில் போய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார். சில வருடங்களில் பழைய ஆட்களே வேறு வழியில் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனாலும் அத்தை திரும்ப முன்பணம் வாங்கப் போகவில்லை. சித்தாள் வேலைக்குத் திருச்சிக்குப் போனார். கீரனூர் ஸ்டேஷன் வரை சைக்கிள்.

---

அன்னவாசல் அக்கா எழுதியது:

கல்குவாரி தம்பிக்கு: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் வகுப்பு நடந்தது கோவில் திடலில் என்று எழுதியிருந்தேன். காலனிப் பெண்கள் அங்கே வரவில்லை, அவர்களுக்குத் தனி வகுப்பு நடந்தது. அதை நடத்தியது ஊரில் பத்தாவது படித்த அந்த இன்னொருத்திதான். ஒரே வகுப்பாக வைக்கலாமே என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை. கண்மாயில் மட்டும் எல்லாரும் சேர்ந்து ஓட்டினோம், ராத்திரியில்.

---

பொட்டல்வெளி எழுதியது:

எல்லாவற்றையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மணியோசை வந்த இடத்தில் சிரித்தார். தன் வண்டியில் மணியே கிடையாது, அதனால் வாயால் கத்திக்கொண்டே போனாராம்.

பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். 94-இல் கல்யாணமாகித் திருச்சி வந்திருக்கிறார். மாமனார் வீட்டில் சைக்கிள் இருந்ததாம். அம்மாவுக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். வீட்டில் வேறு ஆண்கள் இல்லை. அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோடு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார்.

அவ்வளவு சீக்கிரம் திரும்பியதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பெற்ற ஆத்தா வாசலில் நின்று, "யாரு கொண்டாந்து விட்டா?" என்று கேட்டாராம்.

அப்பாவிடம் விசாரித்தேன். காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறது, மாத்திரை யார் வாங்கி வந்தார்கள் என்பது நினைவில்லை என்கிறார்.