மாங்காய் பழுக்கும் முன்பே சிலது அழுகுகிறது, சிலது சுருங்குகிறது: என்ன காரணம்?

பர்கூர் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். சித்திரை கடைசியில் வீட்டில் ஒரு மூட்டை மாங்காய் வாங்கினோம், செந்தூராவும் பெங்களூராவும் கலந்தது. மருந்து எதுவும் போடாத காய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாடியில் சிமெண்ட் ஷீட் அறையில் வைக்கோல் பரப்பி, அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடினோம். மாமியார் வருடா வருடம் இப்படித்தான் பழுக்கப் போடுவார், நன்றாகவே பழுக்கும். இந்தத் தடவை பாதிக்கு மேல் வீண். சில காய் காம்பு இருந்த இடத்தில் கருக்க ஆரம்பித்து, மறுநாள் பார்த்தால் பாதி வரைக்கும் இறங்கியிருக்கிறது, ஆனால் மூக்குப் பக்கம் இன்னும் பச்சையாக, கெட்டியாகவே இருக்கிறது. இன்னும் சிலது அழுகவே இல்லை, தோல் சுருங்கித் தொளதொளவென்று ஆகிவிட்டது, வாசனையே இல்லை. பிள்ளைகள் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வருகிறார்கள். வைக்கோலில் கோளாறா, வெயிலா, காயா? மீதி இருப்பதையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

சந்தூர் தோட்டம்:
நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லைங்க, இரண்டு. அழுகுவது வேறு, சுருங்குவது வேறு. முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நல்லதாக இருக்கிற காயில் காம்பு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை அடியோடு பிய்ந்திருக்கிறதா? அப்புறம் சுருங்கிய காயில் ஒன்றைக் கொட்டையோடு சேர்த்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி எங்கே நிற்கிறது, சதை என்ன நிறம், அதுதான் முக்கியம்.

ஊத்தங்கரை பஸ்:
கார்பைடு கல்லை ஒரு சின்னத் துணியில் முடிந்து நடுவில் வைத்துவிடுங்கள், எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளாகிவிடும். முன்பெல்லாம் எல்லாரும் செய்ததுதான்.

மண்டிக் கணக்கு:
தம்பி, அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். பழம் பழுக்க வைக்கக் கார்பைடு போடக்கூடாது என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே தடை இருக்கிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் கொஞ்சம் வரும். பிள்ளைகள் சாப்பிடுகிற பழம் அது. போதாததற்கு, அது தோலை மஞ்சளாக்குமே தவிர இளங்காய்க்குள்ளே இனிப்பைக் கொண்டுவராது. பழுக்க வைக்கும் அறைகளில் எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, அதுவும் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு என்ற அளவுக்குள்தான். வீட்டுக்கு அதெல்லாம் தேவையே இல்லை, நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தைக் கூடையில் போட்டால் அதிலிருந்தே எத்திலீன் வரும்.

பர்கூர் மருமகள்:
கார்பைடு வேண்டவே வேண்டாம் அண்ணா. வெட்டிப் பார்த்தேன். சுருங்கியது எல்லாம் பெங்களூராதான். கத்தி கொட்டையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விட்டது, உள்ளே பருப்பு வெள்ளையாக, சதையும் வெள்ளை. அழுகுவது செந்தூரா. அதில் ஒன்றில்கூடக் காம்பு இல்லை, காம்பு இருந்த குழியைச் சுற்றிப் பால் வழிந்து காய்ந்த கறை இருக்கிறது.

சந்தூர் தோட்டம்:
விஷயம் தெரிந்துவிட்டது. வைக்கோலையும் மாமியாரையும் குறை சொல்ல வேண்டாம்.

பெங்களூரா நம் பக்கம் ஆனி வாக்கில்தான் சரியாக முற்றும், கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது அப்போதுதான். சித்திரையில் வந்தது காற்றில் விழுந்த காயாகவோ அவசரமாகப் பறித்த காயாகவோ இருக்கும். கொட்டை கட்டாத காய் மரத்தை விட்டு வந்தபிறகு எங்கே வைத்தாலும் பழுக்காது, வெம்பிப் போகும். பழத்தின் இனிப்பு, காயில் சேர்ந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வருவது. மாவு சேரும் முன்பே பறித்துவிட்டால் மாறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? முற்றிய காயை வெட்டினால் கத்தி கொட்டையில் தட்டி நிற்கும், தோல் பச்சையாக இருந்தாலும் கொட்டையை ஒட்டி இளமஞ்சள் ஓடியிருக்கும். வெட்டாமல் தெரிய வேண்டுமானால் காம்புப் பக்கம் பாருங்கள், இரண்டு தோளும் காம்பைவிட மேலே எழும்பி நிற்கும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டும் பார்க்கலாம், முற்றியது அடியில் போகும், மிதப்பது பெரும்பாலும் இளசு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், செந்தூரா வெயில் பட்ட பக்கம் காயிலேயே சிவந்துவிடும்.

செந்தூராவுக்கு வந்திருப்பது காம்பழுகல். அந்தப் பூசணம் மரத்திலேயே காம்பில் பதுங்கி இருக்கும். காயில் பால் இருக்கிறவரை அடங்கிக் கிடந்து, காய் இளக ஆரம்பித்ததும் இறங்கும். காம்பைப் பிய்த்து, உலுக்கி, கீழே விழவைத்துப் பொறுக்கினால் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது போலத்தான். ஒரு விரல்கடைக் காம்போடு பறித்து, அப்புறம் காம்பை நறுக்கிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். பால் தோலில் வழிந்தால் அந்த இடமும் வெந்து கருக்கும்.

இதற்கு மேல் உங்கள் மாடி அறை. சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பகலில் எவ்வளவு சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். மாங்காய் ஒழுங்காகப் பழுக்க 20லிருந்து 25 டிகிரி போதும். 35க்கு மேல் போனால் பூசணம் வேகமாக ஓடும், பழுப்பது தாறுமாறாகும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் கீழே கொண்டுவாருங்கள். கறுப்புத் தெரிகிற ஒவ்வொன்றையும் பிரித்துவிடுங்கள், பக்கத்துக் காயையும் அது கெடுக்கும். நல்லதைக் கழுவி, ஈரம் சுத்தமாகப் போகத் துடைத்து, வெயில் படாத அறையில் ஒரே அடுக்காகக் காம்புப் பக்கம் கீழே இருக்க வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டாதீர்கள், வேர்த்து ஊறிவிடும். காலையும் மாலையும் ஒரு பார்வை. இளசான பெங்களூராவில் சுருங்காதது இருந்தால் தொக்குக்கோ வற்றலுக்கோ போடுங்கள், அதற்கு அருமையான காய்.

பாலக்கோடு அக்கா:
அடுத்த மூட்டைக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. வாங்கிய அன்றே 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்து ஆறவிட்டால், தோலில் கரும்புள்ளி புள்ளியாக வருகிற நோய் நன்றாகக் குறையும், காம்பழுகலும் ஓரளவு மட்டுப்படும். கைக்கணக்கு வேண்டாம், வெப்பமானி வைத்துப் பாருங்கள், சூடு கூடினால் தோல் வெந்துவிடும்.

பர்கூர் மருமகள்:
ரொம்ப நன்றி. கீழே இறக்கிப் பிரித்துவிட்டோம், நல்லது ஒரு கூடை தேறியது. அதைப் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சந்தூர் தோட்டம்:
பழுத்தபிறகு வையுங்கள். 12 டிகிரிக்குக் கீழே காயை வைத்தால் தோல் குழி விழுந்து சாம்பல் பூக்கும், வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது.

ஊத்தங்கரை பஸ்:
கார்பைடு பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா, வீட்டிலும் சொல்லிவிடுகிறேன். புளிப்புத் திராட்சையையும் வாழைப்பழத்தோடு வைத்தால் இனிக்குமா?

மண்டிக் கணக்கு:
இனிக்காது தம்பி. மா, வாழை, சப்போட்டா, பப்பாளி, கொய்யா, சீத்தா எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, அன்னாசிக்கு அது கிடையாது. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.