யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கடன் எடுத்து வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கோண்டாவிலான்:
வணக்கம். எங்கள் வீட்டு மேல்மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், இதுவரை பிரச்சினை இல்லை. இப்போது திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்ட 3 பரப்பு (எங்கள் ஊர்க் காணி அளவு) காணியோடு ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. கையில் பாதிக் காசு உண்டு, மிச்சத்துக்கு வங்கியில் கடன் எடுத்து அறை அறையாகப் பெடியளுக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று மனிசி கணக்குப் போடுகிறா. எனக்குத்தான் பயம், வந்தவர்கள் வீட்டை விட்டு எழும்பாமல் விட்டால் என்ன செய்வது? அதோடு காணி மூன்று சகோதரங்களின் பேரில், இரண்டு பேர் கனடாவில். அவர்களுக்காக இங்கே இருப்பவர் அற்றோணித் தத்துவத்தில் (அவர்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) கையெழுத்து வைப்பாராம். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உறுதிக்கட்டு:
அண்ணை, குடியிருப்பவர் எழும்புவாரா என்பது பிறகு. முதலில் காணி உங்களுடையதாகுமா என்று பாருங்கோ. மூன்று பேரும் சேர்ந்து விற்றால் நல்லது, ஆனால் உண்மையில் மூன்று பேர்தானா? நாலாவதாக ஒரு சகோதரம் ஜெர்மனியில் இருந்து, அவருடைய பங்கு எழுதப்படாமல் கிடந்தால், தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி) மற்றப் பங்காளிகள் விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை அவருக்கு உண்டு, அறிவித்தல் கொடுக்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்குப் போடலாம். விற்பவர்களில் கலியாணம் கட்டிய பெண் இருந்தால் புருஷனின் எழுத்துமூலச் சம்மதமும் கேளுங்கோ, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அதோடு சரி, ஆகவே கையெழுத்து வைக்கும் கிழமையில் கனடாக்காரர் இரண்டு பேரோடும் வீடியோவில் நேரே கதையுங்கோ. நீண்டகால ஆட்சியை, அதாவது கனகாலம் காணியைத் தன் கையில் வைத்திருந்ததைக் காட்டி எழுதிய உறுதி (காணிப் பத்திரம்) என்றால் இன்னும் கவனம். யுத்தத்தால் தன் காணிக்கு வரமுடியாமல் இருந்தவருக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்கமுடியாது என்று 2016 இல் சட்டம் வந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் ஈடு (அடமானம்), வழக்கு ஏதும் கிடக்கிறதா என்று உங்களுடைய நொத்தாரிசைக் (உறுதி எழுதும் சட்டத்தரணியைக்) கொண்டே தேடுவியுங்கோ, விற்பவரின் ஆளை நம்பவேண்டாம்.

கொக்குவில் மாமா:
தம்பி, மனிசியின் கணக்கில் பன்னிரண்டு மாதமும் அறை நிரம்பியிருக்கும் போல. கம்பஸ் பிள்ளைகள் லீவுக்குப் போவார்கள், ஸ்ட்ரைக் வரும், 2020 இல் கொரோனாவோடு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். ஒன்பது மாத வாடகையில் தவணை கட்டுப்படுகிறதா பார், கட்டுப்படாவிட்டால் கடனைக் குறை அல்லது விடு. வட்டி மாறுகிற கடனா, நிலையான வட்டியா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது, வாடகையை அப்படி ஒரு நாளில் கூட்டமுடியுமா? இன்னொன்று, பழைய வீட்டு மலசலகூடக் குழி ஒரு குடும்பத்துக்குக் கட்டியது. பத்துப் பெடியளை விட்டால் எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும், உன் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வளவுக் கிணறும். அந்தச் செலவையும் வீட்டு விலையோடு கூட்டு. ஆறு மாதத் தவணையைத் தனியாக வைத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும், அதுக்கு வழியில்லை என்றால் மேல்மாடி வாடகையோடு நிம்மதியாக இரு.

வெள்ளைத்தாள்:
எழும்பாத கதைக்கு வருகிறேன். இங்கே முக்கால்வாசிப் பேர் முத்திரை ஒட்டிய கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதவேண்டும், 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அது! காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023 இல் வந்த 1 ஆம் இலக்கச் சட்டமும் நொத்தாரிசு எழுதிய குத்தகைக்குத்தான் உதவும். அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்கினால் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நிற்கவேண்டி வரும். பெடியள் என்றால் தாய் தகப்பனையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ. கரண்ட் பில் உங்கள் பேரில் வரும், அதை மாதாமாதம் பாருங்கோ.

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் நன்றி. ஒன்பது மாதக் கணக்கைப் போட்டோம், தவணை இடிக்கிறது. காணியில் ஒரு பரப்பை அவர்கள் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்களா என்று கேட்கப்போகிறேன். மாமா, பிரித்தால் புது அளவைப்படம் எடுக்கவேண்டும் அல்லவா?

கொக்குவில் மாமா:
ஓம், கட்டாயம். பாதையையும் படத்தில் போடச் சொல்லு, இல்லாவிட்டால் பிறகு ஒழுங்கையில் சண்டை.