பெட்ரோலா, கரண்ட்டா? பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு மல்லுக்கட்டிய கதைகள்

என்னிடம் இருப்பது 1971-ஆம் வருடத்து எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், துணிக்கூரை மாடல். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எல்லா மாடலும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. அதுவே என்னைக் கவிழ்க்கும் என்று அப்போது தெரியாது.

வண்டியின் நோய் இதுதான். காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். 20 நிமிடம் அருமையாக ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்று நானே முடிவு கட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இந்த வண்டியில் இரண்டு, எஸ்யூ என்கிற வகை. அவை எக்ஸாஸ்ட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, சந்தேகப்பட வசதியான இடம். இரண்டையும் கழற்றினேன். எஸ்யூவைப் பிரிப்பது ஒரு சுகம், ஒத்துக்கொள்கிறேன். மணி மாதிரி இருக்கும் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் ஒரு ஊசி, அவ்வளவுதான். ஜெட், ஊசி, மிதவை வால்வு, கேஸ்கெட் எல்லாம் புதிது போட்டேன். பிஸ்டன் தண்டில் எண்ணெய் ஊற்றினேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, இரண்டின் 'ஸ்ஸ்' சத்தமும் ஒன்றாகும்வரை திருகினேன். பிறகு அடியில் இருக்கும் குட்டி 'பின்'னை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் வேகம் விழுந்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. என்னுடையது அழகாக ஏறி இறங்கியது. இதற்கே இரண்டு மாத விடுமுறை நாட்கள் போயின.

ஓட்டிப் பார்த்தேன். இருபதாவது நிமிடம், இரண்டு இருமல், நின்றது.

அன்றைக்குப் பக்கத்து சீட்டில் என் மகள். ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருப்பினேன். பின்னாலிருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப் 'டிக், டிக்' என்று இரண்டு முறை அடித்துவிட்டு அமைதியானது. மறுபடி திருப்பினேன், ஒரு 'டிக்', அமைதி. அவள் கேட்டாள்: "அப்பா, கார்புரேட்டர் நிறைஞ்சாத்தான் அந்தச் சத்தம் நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ பெட்ரோல் இருக்குல்ல?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் காலியாக இருந்தால் பம்ப் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதமாக ஒவ்வொரு முறை நின்றபோதும் அது நிறைந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, பொறியில். பொறிக்கான மின்சாரம் தரும் காயிலில் இருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரை உருவி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து இன்ஜின் உலோகத்துக்குப் பக்கத்தில் வைத்து, மகளிடம் இன்ஜினைச் சுற்றச் சொன்னேன். நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி, மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டின் ஒரு முகத்தில் பள்ளம், மறு முகத்தில் மேடு. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது கெட்டால் பாயிண்ட் கருகும், காயிலில் இருந்து வரும் பொறி சோர்ந்துபோகும். சூடானால் மட்டும் கெட்டு, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் கண்டென்சர்கள் உண்டு. என்னுடையது அந்த ரகம். போன சர்வீஸில் ஒரு வேலையும் இல்லாமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பாயிண்ட், ரோட்டர், கண்டென்சர் எல்லாம் புதிது மாற்றியிருந்தேன், எளிதில் கிடைக்கிறதே என்று. நோய் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை அன்றுதான் கூட்டிப் பார்த்தேன்.

கழற்றிய பழைய கண்டென்சர் ஷெட்டில் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. அதைத் துடைத்துப் போட்டேன், பாயிண்ட்டைத் தேய்த்து 0.015 அங்குல இடைவெளி வைத்தேன். நாலு வருடமாக ஓடுகிறது.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஏர் ஃபில்டர் டப்பாக்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று தட்டையான பளபளா ஃபில்டர்கள் மாட்டினேன். உறிஞ்சும் சத்தம் பிரமாதம், இழுவை மட்டும் குறைந்துவிட்டது. பழைய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வாய் எக்காளம் மாதிரி வளைத்திருக்கிறார்கள். காற்று சுழலாமல் வழுக்கி உள்ளே போகத்தான் அந்த வளைவு. அசிங்கமான டப்பாவை மறுபடி மாட்டிவிட்டேன்.

உங்களை அலைக்கழித்த கோளாறுகளையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, மகளுக்கு ஒரு ஸ்பானர் செட் வாங்கிக் கொடுங்கள். என்னுடையதும் எம்ஜிபிதான், ஆனால் என் கதை துரு.

இந்த வண்டிக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். துணிக்கூரை மாடலில் மேலே பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கதவுக்கு அடியில் ஓடும் சில் என்கிற பெட்டிதான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து நிறுத்துகிறது. வாங்கும்போது பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்தால் சில்லின் பின்முனையில் ஒட்டவே இல்லை. கால் அங்குலத்துக்குப் பட்டி, அதாவது ஓட்டையை மூடப் பூசும் பசை. பட்டியை உடைத்தால் ஒரு தகடு, அதற்குள் அழுகிய இன்னொரு தகடு. யாரோ துருவை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோபத்தில் நான் செய்ததுதான் பெரிய தப்பு. முன்னாலும் பின்னாலும் ஸ்டாண்டில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, ஒரு பக்கத்துச் சில்லை மொத்தமாக வெட்டி எடுத்தேன். கட்டர் சத்தம் நின்றதும் 'கிர்ர்' என்று ஒரு முனகல். நடுவில் வண்டி தொய்ந்துவிட்டது. சுண்டுவிரல் நுழைந்த கதவு இடுக்கில் மேல்பக்கம் ஒரு அட்டைகூட நுழையவில்லை. கதவு திறக்கவும் இல்லை.

பலகை வைத்து நடுவில் ஜாக்கைக் கொடுத்து, இழை இழையாகத் தூக்கினேன். ஒரு கட்டத்தில் கதவு 'டப்' என்று விட்டது. கீல் மாட்டும் போல்ட் துளைக்கும் பூட்டுத் தகட்டின் துளைக்கும் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு முறுக்கினேன். வெட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதற்கப்புறம் நாலு பொட்டு வெல்டிங், கதவை மாட்டி இடுக்கு அளப்பது, கழற்றுவது, மறுபடி நாலு பொட்டு. ஒரு பக்கத்துக்கே ஏழு மாதம் ஆனது. மறுபக்கம் மூன்று வாரம்தான்.

* * *

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1990. இதையெல்லாம் கிளாசிக் என்றால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தாழ்வாக இருந்தால் அழகு என்று குட்டை ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் பழையதுதான். சின்ன மேட்டில்கூட பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும், வளைவில் பின்பக்கம் துள்ளும். டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யலாம் என்றால், அதற்கான கேம் போல்ட்டுகள் புஷ் என்கிற உறையோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. எண்ணெய் ஊற்றி, சூடுகாட்டி, கடைசியில் இரண்டை அறுத்தே எடுத்தேன். மறுபடி பழைய உயரத்து ஸ்பிரிங்தான் போட்டிருக்கிறேன்.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். சீட்டுக்குப் பின்னால், கூரைத் துணியின் இரண்டு மூலையிலும் மழைநீர் வடியும் துளை இருக்கும். இலை, தூசி அடைத்தால் தண்ணீர் நிரம்பி வழிந்து சில்லுக்குள்தான் போகும். கூர்மையான கம்பி வேண்டாம், உள்ளே குழாய் கிழிந்துவிடும். மழுங்கிய பிளாஸ்டிக் கம்பி போதும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. சில் கதையைப் படித்ததும் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னுடையதில் ஒட்டுகிறது, ஒரு இடத்தில் கொஞ்சம் தயக்கத்தோடு.

பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டலாமா என்று தனியாக எனக்கு எழுதிய தம்பிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் 1966 எம்ஜிபியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இணைந்திருக்கும். 1967 கடைசியில்தான் மைனஸுக்கு மாற்றினார்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டும் முன்னால் அதைப் பாருங்கள், தலைகீழாகக் கொடுத்தால் அந்த மாட்யூல் அங்கேயே செத்துவிடும். மைனஸுக்கு மாற்றுவதென்றால் பேட்டரி வயரை இடம் மாற்றுவதோடு முடியாது. காயிலின் இரண்டு வயரையும் மாற்ற வேண்டும், டைனமோவைப் புதிய திசைக்குப் பழக்க வேண்டும், இன்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரை உள்ளே திறந்து வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் அதன் முள் நகராது.

அப்புறம், பாயிண்ட் நன்றாக இருந்தால் எலக்ட்ரானிக் எதற்கு என்று இன்னொரு முறை யோசியுங்கள். எப்படியும் மாட்டுவதென்றால், கழற்றும் பாயிண்ட், கண்டென்சர், மூடி மூன்றையும் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். என் தகர டப்பாவும் இப்போது ஷெட்டில் இல்லை, ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் அதன்மேல் 'குப்பை அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.