டிஎன்எஸ்ல பேர் எழுதுறது யாரு, டிஹெச்சிபி சர்வரா கிளையன்ட்டா?

ஷெல்_சேகரன்: நெட்வொர்க்ல லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் கலந்து கிடக்கு. மெஷினுக்கு ஐபி கொடுக்குற டிஹெச்சிபில அட்ரஸ் வந்துடுது, ஆனா மெஷின் பேரைப் போட்டு எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷின்ல லாகின்) அடிச்சா போக மாட்டேங்குது. பேரை ஐபியா மாத்துற டிஎன்எஸ்க்கு பைண்ட்ங்கிற சர்வர் சாஃப்ட்வேர் ஓடுது. ஐபி மாறினா பேரும் கூடவே மாறணும். கிளையன்ட்டுக்கு ஒண்ணா, டிஎன்எஸ்ல பேரை எழுதுற என்எஸ்அப்டேட் ஸ்கிரிப்ட் வைக்கவா, இல்ல சர்வர் தலையில கட்டிடவா?

ஸோன்ஃபைல்: சர்வர்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு. எந்த ஐபி யார்கிட்ட இருக்கு, எப்ப முடியுதுன்னு லீஸ் (ஐபியை இவ்வளவு நேரத்துக்குன்னு கொடுக்குறது) கொடுத்தவனுக்குத்தான் தெரியும். கிளையன்ட் டிஹெச்சிபி ஆப்ஷன் 12ல ஹோஸ்ட்நேமை அனுப்பினா போதும், லினக்ஸ்ல நெட்வொர்க்கைப் பார்த்துக்குற சிஸ்டம்டி-நெட்வொர்க்டி கேக்காமலே அனுப்பும். டிஎன்எஸ் அப்டேட்டுக்குக் கையெழுத்துப் போடுற டிசிக் கீ ஒண்ணே ஒண்ணு, அதுவும் சர்வர்ல மட்டும். மெஷினுக்கு ஒரு கீன்னு ஆரம்பிச்சா அதையெல்லாம் யாரு மேய்க்கிறது?

ரூட்டு_ராசா: அந்த ஒத்தக் கீ ஸோன் (ஒரு டொமைனோட ரெக்கார்டெல்லாம்) முழுசையும் எழுதும்ல ப்ரோ, வினையே அங்கதான். எவனோ ஒருத்தன் லேப்டாப்புக்கு டபிள்யூபிஏடின்னு (பிரவுசர் ப்ராக்ஸி செட்டிங்கைத் தானா தேடுற பேர்) பேர் வச்சுட்டு வந்து கேபிள் சொருகினா உங்க சர்வர் பவ்யமா அதையும் எழுதி வைக்கும், அப்புறம் ப்ராக்ஸி தேடுற பிரவுசரெல்லாம் அவன் வாசல்ல போய் நிக்கும். பைண்ட்ல, கீ இருந்தா எதையும் எழுத விடுற அலௌ-அப்டேட்டைத் தூக்கிட்டு அப்டேட்-பாலிசில செல்ஃப் போடுங்க, கீயோட பேரும் ரெக்கார்டோட பேரும் ஒண்ணா இருந்தாத்தான் எழுத விடும்.

ஸோன்ஃபைல்: ஏற்கனவே இருக்கிற பேரை அப்படியெல்லாம் பிடுங்க முடியாது, பேர் எந்தக் கிளையன்ட்டோடதுன்னு குறிச்சு வைக்கிற டிஹெச்சிஐடி ரெக்கார்ட் எதுக்கு இருக்கு, ஆர்எஃப்சி 4703 பாருங்க. டபிள்யூபிஏடி பயமா, டிஹெச்சிபி பேருக்கெல்லாம் தனி சப்-ஸோன் கொடுத்துடுங்க, மெயின் ஸோன் பக்கமே வராது. இப்ப நீங்க சொல்லுங்க, லேப்டாப்பை மூடி பையில போட்டுட்டு கிளம்பிட்டான், ஐபியைத் திருப்பிக் கொடுக்குற ரிலீஸ் அனுப்பல. அவன் எழுதின ஏ ரெக்கார்டை (பேருக்கு ஐபி) யாரு அழிப்பா? ஐபி அடுத்தவனுக்குப் போயிருக்கும், நீங்க எஸ்எஸ்ஹெச் அடிச்சா ஹோஸ்ட் கீ மாறிடுச்சுன்னு திரை முழுக்கக் கத்தும். சர்வர்னா லீஸ் முடிஞ்சதும் ஏ, பிடிஆர் (ஐபிக்கு பேர்) ரெண்டையும் துடைச்சிடும். ஆமா, செல்ஃப் பாலிசில பிடிஆர் எப்படி எழுதுவீங்க?

ரூட்டு_ராசா: டிசிபி-செல்ஃப்னு ஒரு ரூல் இருக்கே, டிசிபில வர்ற அப்டேட் எந்த ஐபிலருந்து வருதோ அந்த ஐபியோட பிடிஆரை மட்டும் எழுத விடும். பழைய ரெக்கார்ட் தங்கிடும்கிறது வாஸ்தவம்தான், அழிக்க நேரம் வச்சு ஓடுற ஒரு க்ரான் வேணும். ஆனா ஐபிவி6க்கு என்ன பண்ணுவீங்க? ரவுட்டர் விளம்பரத்தைப் பார்த்து கிளையன்ட்டே அட்ரஸ் போட்டுக்குது, டிஹெச்சிபி சர்வருக்கு அது என்னன்னே தெரியாது. அங்க கிளையன்ட் எழுதினாத்தான் உண்டு.

ஸோன்ஃபைல்: டிஹெச்சிபிவி6 போடுங்க. அப்படியே கிளையன்ட் எழுதினாலும், அடிக்கடி மாறுற பிரைவசி அட்ரஸைப் போய் டிஎன்எஸ்ல எழுதி என்ன ஆகப்போகுது?

ரூட்டு_ராசா: யாரு அதை எழுதச் சொன்னா, நிலையா ஒரு அட்ரஸ் கூடவே இருக்கும்ல, அதை எழுதணும்.

பழைய_யூனிக்ஸ்: ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. சேகரன் தம்பி, பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி 2022லயே ஓய்வு வாங்கிடுச்சு, புதுசா போடுறதுன்னா கியாங்கிற டிஹெச்சிபி சர்வர் போடு, அதுல டிஎன்எஸ் அப்டேட்டுக்குன்னு பின்னணில ஓடுற தனி டீமனே இருக்கு. யாரு எழுதினாலும் சரி, டைனமிக் ஆன ஸோன் ஃபைலை விஐ எடிட்டர்ல திறந்து கை வைக்காத, பைண்ட் மாத்தினதை முதல்ல ஜேஎன்எல் ஜர்னல்லதான் எழுதும். பைண்டைக் கட்டுப்படுத்துற ஆர்என்டிசி கமாண்ட்ல ஃப்ரீஸ் அடி, திருத்து, அப்புறம் தா (thaw) அடி. கடிகாரத்தைச் சரியா வைக்கிற என்டிபியும் ஓடணும், கடிகாரம் 300 செகண்டுக்கு மேல விலகினா டிசிக் பேட்டைம்னு திருப்பி அனுப்பிடும், நீ கீ தப்போன்னு மண்டையை உடைச்சுக்குவ. மெஷின் கொஞ்சம்தான்னா பைண்டே வேணாம், டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும் சேர்ந்த டிஎன்எஸ்மாஸ்க் லீஸ்ல இருக்கிற பேரை அப்படியே பதிலாக் கொடுத்துடும்.

ஷெல்_சேகரன்: நன்றி அண்ணே. மெஷின் நிறைய, பைண்டை விட முடியாது. ஐபிவி4க்கு கியாவும் தனி சப்-ஸோனும், ஐபிவி6 வேணும்கிற நாலஞ்சு சர்வருக்கு மட்டும் செல்ஃப் பாலிசியோட என்எஸ்அப்டேட்னு போறேன். இன்னொண்ணு, ஒரே டெம்ப்ளேட்லருந்து எடுத்த ரெண்டு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஒரே ஐபியை வாங்கிட்டு அடிச்சுக்குது, மேக் அட்ரஸ் வேற வேறதான்.

ரூட்டு_ராசா: மெஷின்-ஐடி ஃபைலைப் பாருங்க, ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கும். டிஹெச்சிபி சர்வர்கிட்ட தான் யாருன்னு காட்டுற கிளையன்ட் ஐடியை நெட்வொர்க்டி அதுலருந்துதான் செய்யுது. டெம்ப்ளேட்ல அந்த ஃபைலைக் காலி பண்ணிட்டு குளோன் எடுங்க.

ஸோன்ஃபைல்: இதுல மட்டும் ராசா சொல்றது சரி.