எடையில்லாத இடத்தில் போல்ட் கழற்ற ஸ்பேனர்: கைப்பிடி எப்படி இருக்க வேண்டும்?

கானாடுகாத்தான் தச்சர்:
பழைய செட்டிநாட்டு வீடுகளில் கதவு, நிலை பழுதுபார்ப்பது என் தொழில். பதினொன்றாவது படிக்கும் மகள், பள்ளிக் கண்காட்சிக்கு விண்வெளி வீரர் பிடிக்கிற ஸ்பேனர் மாதிரி ஒன்றை மரத்தில் கேட்கிறாள். ஒன்று பிடிபடவில்லை. பர்மா தேக்கில் உளி போடும்போது கட்டையைக் காலால் அமுக்கிக்கொள்வேன். பாதி வேலையை உடம்புக் கனமே பார்த்துக்கொள்ளும். மேலே அந்தக் கனம் இல்லை. போல்ட்டைத் திருகினால் ஆளே சுற்றிப்போவாரே? பிடியை எதற்குத் தக்கபடி செதுக்குவது?

தேவகோட்டை லேத்:
ஆமாண்ணே, ஆள்தான் சுற்றுவார். 1966 ஜூனில் ஜெமினி 9ஏ என்ற அமெரிக்க விண்கலப் பயணத்தில் கலத்துக்கு வெளியே போன வீரர் யூஜின் செர்னானுக்குச் சரியான பிடிமானம் இல்லை. உடம்பை ஒரு நிலையில் நிறுத்தவே பாடுபட்டு, தலைக்கவசக் கண்ணாடியில் ஆவி படிந்து, வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அதே வருடம் நவம்பரில் ஜெமினி 12இல் பஸ் ஆல்ட்ரின் தண்ணீருக்குள் பழகிவிட்டுப் போனார். பாதத்தை நுழைத்துக்கொள்ள மாட்டல், இடுப்புக்குக் கயிறு. போல்ட்டை நிதானமாகத் திருகினார். நீங்கள் கட்டையை மிதிக்கிற அதே சூட்சுமம்தான். மாதிரியோடு ஒரு கால் மாட்டலும் செய்து வையுங்கள்.

காரைக்குடி மெக்கானிக்கல்:
கையுறையை மறந்துவிடாதீர்கள் ஐயா. விண்வெளி உடைக்குள் அடைத்த காற்றால் அது விறைத்து நிற்கும். விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அதை எதிர்த்துத்தான் மடக்க வேண்டும். ஆறேழு மணி நேரம் இப்படி என்றால் கை என்னாவது! 1997இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிப் பழுதுக்குக் கொண்டுபோன, துப்பாக்கிப் பிடி மாதிரியான பிஸ்டல் கிரிப் கருவியில் மோட்டார்தான் திருகும். எவ்வளவு விசை, எத்தனை சுற்று என்று முன்பே வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பிடியில் கயிறு கோக்க வளையம் கட்டாயம். 2008 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒரு கருவிப்பையே நழுவிப் போய்விட்டது.

கானாடுகாத்தான் தச்சர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மகள் கையில் மூன்று துணிக் கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டுப் பார்த்தேன். என் உளிப்பிடி உருண்டை, உள்ளங்கைக்குள்ளேயே சுழன்றது. இன்னும் பருமனாக, கோழிமுட்டையைச் சற்று அமுக்கினாற்போல் செதுக்கிக் கொடுத்ததும் நின்றது. வளையத்தை வால் பக்கம் வைத்தேன், கயிறு மணிக்கட்டில் சுற்றுகிறது. தலைப் பக்கம் மாற்றலாமா?

தேவகோட்டை லேத்:
வேண்டாம்ணே, அங்கே போல்ட்டில் சிக்கும். வாலிலேயே இருக்கட்டும். தானே சுழலுகிற வளையமாகப் போடுங்கள். பித்தளையில் நான் கடைந்து தருகிறேன்.