நடுக்கடலில், கப்பலில், குலை நடுங்கிய அனுபவம் உண்டா? வந்து சொல்லுங்கள்

கடற்காகம்:
மூன்று வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள், அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன். குரூஸ் போனவர்களுக்குக் கப்பல் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏழு நாள் பயணத்தில் நாலாவது ராத்திரி. நாங்கள் இருவரும் ஐந்தாவது தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஆறு வயது மகள் பன்னிரண்டாவது தளத்தில் கிட்ஸ் கிளப்பில் இருந்தாள்.

முதலில் நின்றது சத்தம்தான். நாலு நாளாகக் காலடியில் ஓடிக்கொண்டே இருந்த ஓர் உறுமல், அது இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது, சட்டென்று இல்லை. அப்புறம்தான் விளக்கு போயிற்று. கும்மிருட்டில் யாரோ கைதட்டினார்கள், ஏதோ நிகழ்ச்சி ஆரம்பிக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போல. மங்கலாக அவசர விளக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் "பிராவோ, பிராவோ, பிராவோ, எஞ்சின் ரூம்" என்று ஒரு குரல். தீ என்பதற்கு அந்தக் கப்பலின் சங்கேதச் சொல் அது. எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த பையன் கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் சங்கு. ஏழு குறில், ஒரு நெடில். எல்லோரும் மஸ்டர் ஸ்டேஷன் என்கிற கூடுமிடத்துக்கு வர வேண்டும் என்று அர்த்தம்.

மனைவி என் கையைப் பிடித்து, "பிள்ளைங்களை அவங்களே மஸ்டர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுவாங்க, முதல் நாளே சொன்னாங்கல்ல" என்றாள். நான் கையை உதறிவிட்டு ஓடினேன். கப்பலே படிக்கட்டில் கீழே இறங்கி வருகிறது, நான் ஒருவன் மட்டும் மேலே ஏறுகிறேன். ஏழாவது தளமா எட்டாவது தளமா தெரியவில்லை, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்த ஒரு வயதான அம்மா மேல் என் முழங்கை பட்டது. அவர்களுடைய கண்ணாடி கீழே விழுந்தது. என் ஷூவுக்கு அடியில் அது நொறுங்கியது எனக்குக் கேட்டது. நான் நிற்கவில்லை.

மேலே தீத்தடுப்புக் கதவு மூடியிருந்தது. கையில் பட்டியலோடு ஒரு பணிப்பெண், "எல்லாரும் கீழே போயாச்சு சார், உள்ளே யாரும் இல்லை" என்றாள். நான் நம்பாமல் கதவைத் தள்ளிப் பார்த்தேன். காலி அறை. தரையில் கலர் பென்சில்கள் கப்பலின் ஆட்டத்துக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருந்தன.

கீழே வந்து பார்த்தால் மகள் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். வேறு படிக்கட்டு வழியாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். "எங்கப்பா போன?" என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயம் இல்லை. நடுராத்திரியில் இன்றைக்கும் என்னை எழுப்பி உட்கார வைப்பது அந்தக் கண்ணாடி நொறுங்கிய சத்தம்தான்.

நீலவேணி:
எங்களுக்கு வந்தது ஆஸ்கர். ராத்திரி ஒன்றரை மணி. "ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர்" என்று மூன்று தடவை, எந்தப் பக்கம் என்றும் சொன்னார்கள். எனக்கு அர்த்தம் தெரியாது. என் கணவருக்குத் தெரியும், யாரோ கடலில் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். எழுந்து உட்கார்ந்தவர் முதலில் பார்த்தது மகனின் படுக்கையை. காலி. பதினைந்து வயது.

கப்பல் அப்படித் திரும்பும் என்று நான் நினைத்ததே இல்லை. அவ்வளவு பெரிய கப்பல் சாய்ந்துகொண்டு திரும்புகிறது, அலமாரிக் கதவு தானாகத் திறந்து கொள்கிறது, மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளர் மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து விழுகிறது. நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் பிடித்தால் ஏதோ ஆகிவிடும் என்று பட்டது, ஏன் என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் கேபினுக்குப் போங்கள், ஆள் எண்ண வேண்டும் என்று அறிவித்தார்கள். 2:10க்குக் கதவு தட்டுகிற சத்தம். மகன். மேல் தளத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஓங்கி ஓர் அறை விட்டேன், அப்புறம் கட்டிக்கொண்டேன், "கடவுளே, நன்றி" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். கதவு திறந்தேதான் கிடந்தது. எதிர் கேபின் வாசலில் ஒரு பெண்மணி யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

விடியும் வரை கப்பல் அங்கேயே சுற்றித் தேடியது. விழுந்தது யார், கிடைத்தாரா என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அந்த எதிர் கேபின் கதவு திறக்கவே இல்லை.

எஞ்சின் ரூம்காரன்:
பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவன். பயணியாக, குடும்பத்தோடு போனது ஒரே தடவை. அதிலும் சலவை அறையில் தீ, வெறும் புகை, இருபது நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள், மகன் முழித்துக்கூடப் பார்க்கவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் கடற்காகம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தம்பி, நீங்கள் செய்தது பெரிய தப்பு. குழந்தை கையில் கட்டிவிடுகிற பட்டையில் மஸ்டர் ஸ்டேஷன் எழுத்து இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. நீங்கள் மேலே போய் உங்கள் பெயர் கணக்கில் விடுபட்டால், உங்களைத் தேட இரண்டு பேரை அனுப்ப வேண்டும், அந்த இரண்டு பேர் தீயணைப்பில் இருக்க வேண்டியவர்கள். எதிரே ஏறுகிற ஓர் ஆள் படிக்கட்டில் பாதியை அடைத்துவிடுவான். அந்த அம்மாவுக்குக் கண்ணாடியோடு போனது, தடுமாறி விழுந்திருந்தால் பின்னால் வந்தவர்கள் மேலேயே மிதித்துப் போயிருப்பார்கள்.

இருட்டு ஏன் வந்தது, ஏன் உடனே போனது என்றும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் பாதி குறையும். முக்கிய மின்சாரம் போனால் 45 விநாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி, பயணிகள் கப்பல் என்றால் 36 மணி நேரம் தாங்கவும் வேண்டும். அது எஞ்சின் ரூமில் இருக்காது, மேலே தனி இடத்தில் இருக்கும், எஞ்சின் ரூமே எரிந்தாலும் அது ஓட வேண்டும் என்பதற்காக. ஆனால் அது விளக்கு, ரேடியோ, தீயணைப்புப் பம்பு போன்றவற்றுக்குத்தான், கப்பலை ஓட்டாது. ஓடாத கப்பலில் ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் துடுப்புகளும் பெரிதாக உதவாது, தண்ணீர் வேகமாகக் கடந்து போனால்தான் அவற்றுக்குப் பிடி கிடைக்கும். அதனால்தான் உங்கள் மகளின் பென்சில்கள் உருண்டன. கப்பல் மூழ்குகிறது என்று அர்த்தம் இல்லை.

சங்கு ஊதிவிட்டால் படகில் ஏறப்போகிறோம் என்றும் அர்த்தம் இல்லை. ஏழோ அதற்கு மேலோ குட்டையாக, அப்புறம் ஒன்று நீளமாக ஊதினால், எல்லோரும் மஸ்டர் ஸ்டேஷனுக்கு வந்து கூடுங்கள், அவ்வளவுதான். கப்பலைக் கைவிடுவதைக் கேப்டன் தனியாகச் சொல்வார். இதெல்லாம் முதல் நாள் டிரில்லில், அதாவது பாதுகாப்பு ஒத்திகையில், சொல்வார்கள், நம் ஆட்கள் அப்போதுதான் செல்ஃபி எடுப்பார்கள். கோஸ்டா கான்கார்டியா 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலியில் ஜில்யோ தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதியபோது உள்ளே 4,229 பேர், இறந்தது 32 பேர். அன்றைக்குச் சாயங்காலம் ஏறியவர்களுக்கு டிரில்லே நடக்கவில்லை, ஏனென்றால் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. 2015 ஜனவரி 1 முதல்தான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள்.

இன்னொன்று. கேபினுக்குள் போனவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டு வரை நடந்து, நடுவில் எத்தனை கதவு என்று எண்ணுங்கள். புகையில் கண் உதவாது, எண்ணிக்கை உதவும். தீத்தடுப்புக் கதவு மூடியிருந்தால் பூட்டிவிட்டார்கள் என்று அலறாதீர்கள், தள்ளினால் திறக்கும். லிஃப்ட் பக்கமே போகாதீர்கள். பால்கனியில் சிகரெட் பிடிக்காதீர்கள், 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் தீ பால்கனிகளில்தான் பரவியது, அணைக்காத சிகரெட்டாக இருக்கலாம் என்றுதான் விசாரணை சொன்னது. இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

இரண்டு வால்கள்:
ஐயா, யாரும் கேட்கவில்லை. உங்கள் மகன் உங்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் விதி பேச முடிகிறது. என் பிள்ளைகளுக்கு வயது ஐந்தும் மூன்றும். சங்கு ஊதும்போது அதுகள் ஏழு தளம் மேலே இருந்தால் நானும் முழங்கையால் இடித்துக்கொண்டுதான் போவேன், அப்புறம் உங்களிடம் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

எஞ்சின் ரூம்காரன்:
அம்மா, நீங்கள் மேலே போய்ச் சேரும்போது குழந்தைகள் கீழே இருக்கும், நீங்கள் இல்லாமல். தம்பிக்கு நடந்ததே அதுதான். வேண்டுமென்றால் முதல் நாளே கிட்ஸ் கிளப்பில் போய்க் கேளுங்கள், ஆபத்து வந்தால் பிள்ளைகளை என்ன செய்வீர்கள், எந்த வழியாகக் கொண்டு போவீர்கள் என்று. எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றில் பெற்றோரே வந்து அழைத்துப் போக வேண்டியிருக்கும். கேட்டுக்கொண்டால் ராத்திரி ஓட வேண்டாம். பக்கத்தில் மகன் இருந்ததால் பேசுகிறேன் என்பது சரிதான். அதை மறுக்கவில்லை.

ஒற்றைக் காலுறை:
சண்டைக்கு நடுவில் நான் வருகிறேன். எங்களுடையது ஆல்ஃபா, மருத்துவ அவசரம். அப்பாவுக்கு 71, மூன்றாவது நாள் ராத்திரி நெஞ்சு வலி. கப்பல் டாக்டர் நல்லவர், ஈசிஜி எடுத்தார், ஊசி போட்டார், அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதற்கு மேல் என்னிடம் கருவி இல்லை" என்று நேராகச் சொன்னார். ஹெலிகாப்டர் வந்து திரும்பிப் போகிற தூரத்துக்குள் நாங்கள் இல்லையாம். அதனால் கேப்டன் கப்பலைக் கரையை நோக்கித் திருப்பினார். நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் மேல் தளத்தில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டுதான் இருந்தது, அவர்களுக்கு என்ன தெரியும்.

அப்புறம் நாற்காலிகளையெல்லாம் கட்டி வைத்தார்கள், திரைச்சீலையை மூடுங்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். கப்பல் மேல் ஹெலிகாப்டர் இறங்கவில்லை, மேலேயே நின்று கம்பி விட்டது. கூட யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காற்றும் இரைச்சலும், பக்கத்தில் நிற்கிற அம்மா அழுகிறாளா என்றே தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் மெல்லச் சுழன்றுகொண்டே மேலே போகிறது, வெளிச்சத்தில் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிகின்றன, ஒன்றில் காலுறை இருக்கிறது, ஒன்றில் இல்லை. இல்லாத காலுறை அம்மா கையில் இருந்தது. மாட்டிவிட நேரம் கொடுக்கவில்லை என்று கரை சேரும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா நன்றாக இருக்கிறார். மறுபடி குரூஸ் போகலாம் என்கிறார். அம்மா பதில் சொல்வதில்லை.

எஞ்சின் ரூம்காரன்:
ஒருவரை ஏற்றுவதே இப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச் 23, நார்வேயில் ஹுஸ்டாட்விகா என்ற மோசமான கடல் பகுதியில் வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றன. உள்ளே 1,373 பேர். 479 பேரை ஒவ்வொருவராகக் கம்பியில் தூக்கினார்கள், மிச்சப் பேரோடு கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காரணம் என்ன தெரியுமா? டேங்கில் லூப் ஆயில், அதாவது எஞ்சினின் மசகு எண்ணெய், மட்டம் குறைவு. கடல் ஆட்டியதில் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்தது, அழுத்தம் விழுந்தது, எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. எண்ணெய். எங்கள் வேலையே இதுதான், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருப்பது. சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

முதல்தடவை:
அடுத்த மாசம் போகிறோம், எட்டுப் பேர், டிக்கெட் போட்டாயிற்று. இந்தத் திரியை மனைவியிடம் காட்டலாமா?

நீலவேணி:
காட்டாதீர்கள். கதவு எண்ணுவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு வால்கள்:
கடற்காகம் அண்ணா, அந்த அம்மாவை அப்புறம் பார்த்தீர்களா?

கடற்காகம்:
எஞ்சின் ரூம் ஐயா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அவரோடு யாரும் சண்டை போட வேண்டாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள், சுருக்கமாக.

பார்த்தேன். முதலில் எழுதும்போது வேண்டுமென்றேதான் விட்டேன். அதே மஸ்டர் ஸ்டேஷன், எங்களுக்கு முன் வரிசை. லைஃப் ஜாக்கெட் கழுத்துவரை ஏறியிருந்தது, கையில் கேபின் கார்டு. கொஞ்ச நேரம் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்கள், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் திரும்பி என்னிடம் நீட்டி, "கண்ணாடி எங்கேயோ விழுந்துடுச்சு, இதுல என்ன எழுத்து போட்டிருக்குன்னு பாருங்களேன், நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேனா?" என்று கேட்டார்கள்.

"சி" என்றேன். "சரியான இடம்தான்மா."

நல்லா இருப்பா என்று சொல்லி என் மகளின் கன்னத்தைத் தட்டினார்கள்.