பென் டிரைவ் உபுண்டு பழுது: பிள்ளைகளின் குறிப்புகளைக் காப்பாற்ற வேணும்

அண்ணாமார், அக்காமார், அவசர உதவி. ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சாதாரண தர வகுப்பு எடுக்கிறேன். ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய லேப்டொப், உபுண்டு 22.04 என்ற இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்தே, பெர்சிஸ்டன்ஸ் (செய்த மாற்றங்களை பென் டிரைவிலேயே சேமிக்கும் வசதி) வைத்து ஓட்டுகிறேன். நேற்று மழையோடு கரண்ட் போனது, பேட்டரியும் தாங்கவில்லை. இப்போது எதைச் சேமித்தாலும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ (வாசிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது) என்கிறது.

மவுண்ட் ஆன நிலையில், அதாவது அந்தப் பகுதி பயன்பாட்டில் இணைந்திருக்கும்போது, எஃப்எஸ்சிகே (fsck, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டினால் இன்னும் கெடலாம், அதனால் கை வைக்கவில்லை. கிரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் தெரிவுப் பட்டியல்) ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு பூட் செய்து, மாற்றங்கள் சேமிக்கப்படும் ‘ரைட்டபிள்’ பகுதி அப்போதும் எங்காவது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஆகியிருந்தால் அன்மவுண்ட் செய்ய வேணும்தானே? பிறகு டிடிரெஸ்கியூவால் (ddrescue, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலில் முதலில் எஃப்எஸ்சிகே ஓட்டுவதே சரி என்று படுகிறது.

இரண்டு வருடக் கணிதக் குறிப்புகள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. செய்து பார்த்தவர்கள் கட்டளைகளை வரிசையாகச் சொல்லுங்கள்.